‘வறண்ட டீசல்’: ஒரு சொல் விற்றுத் தரும் குப்பி

தில்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் பேசப்படும் மொழி வேறு. நவி மும்பையின் களம்போலியில் பேசப்படும் மொழி வேறு. நாமக்கல் பட்டறைகளில் பேசப்படும் மொழி வேறு. ஆயினும் லாரிகள் நிற்கும் இடங்களில் எல்லாம் ஒரே பொருளில் ஒரு வாசகம் காதில் விழுகிறது: “இப்போது வரும் டீசலில் பசையே இல்லை, வறண்டுபோய்விட்டது.” வாசகம் முடிவதற்குள் ஒரு குப்பி நீட்டப்படுகிறது. டேங்க் நிரப்பும்போதெல்லாம் அதில் ஒரு மூடி ஊற்றினால் பம்பு தேயாது, இன்ஜெக்டர் அடைக்காது, மைலேஜ் கூடும் என்று உறுதி கூறப்படுகிறது. பி.எஸ். 6 லாரியின் உயர் அழுத்தப் பம்பு பழுதானால் எவ்வளவு செலவாகும் என்பதை அறிந்த உரிமையாளர், அச்சத்தின் பேரில் பணத்தை எடுத்து நீட்டுகிறார்.

இங்கே நேரடியாகச் சொல்லிவிட வேண்டியது இதுதான்: முறையான பங்க்கில் ரசீதுடன் விற்கப்படும் டீசலை நிரப்பும் லாரிக்கு இந்தக் குப்பி தேவையில்லை. டீசலில் உண்மையிலேயே குறை இருக்கும் இடத்திலோ, குப்பி நோயைத் தீர்ப்பதில்லை. நோயை உண்டாக்கியவனைக் காப்பாற்றுகிறது.

முழுப் பொய் நெடுநாள் விலைபோகாது. அரை உண்மைதான் சந்தையில் நிலைத்து நிற்கும். எனவே இந்த வாதத்தில் உண்மையாக உள்ள பாதியை முதலில் ஒப்புக்கொள்வதே முறை.

டீசல் வெறும் எரிபொருள் அன்று. உயர் அழுத்தப் பம்பிலும் இன்ஜெக்டரிலும் உலோகத்தின்மேல் உலோகம் நூலிழைக்கும் குறைவான இடைவெளியில் ஓடுகிறது. பழைய வரிசைப் பம்புகளில் கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் தனியே கிடைத்தது. ரோட்டரி பம்புகளுக்கும், காமன் ரெயில் பம்புகள் பலவற்றுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றுக்குள் ஓடும் டீசலே அவற்றின் உயவுக்கும் பொறுப்பு. காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாரையும் தாண்டிச் செல்லும் காலம் இது. அத்தகைய நெருக்கடியில் உரசலைத் தணிக்கும் திறன் எரிபொருளுக்கு இல்லையென்றால் பம்பு தேயும். தேய்ந்த உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை சென்று அதையும் கெடுக்கும். இது மறுக்க முடியாத உண்மை.

டீசலில் கந்தகம் குறைந்திருப்பதும் உண்மை. 2010இல் பி.எஸ். 3 டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 நாடெங்கும் வந்தபோது அது 50 ஆயிற்று. 2020 ஏப்ரல் முதல், பி.எஸ். 6இன்கீழ், 10. காற்று மாசால் மூச்சுத் திணறிய தில்லிக்கு மட்டும் 2018 ஏப்ரலிலேயே இந்த டீசல் வந்துவிட்டது. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது, உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு மெல்லிய காப்புப் படலமாக நிற்கக்கூடிய சில இயற்கைச் சேர்மங்களும் உடன் நீங்கிவிடுகின்றன. ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட அந்தச் சேர்மங்களே உயவைத் தந்தவை. கந்தகம் தானே உயவு தந்ததாக எண்ணுவது தவறு. ஒன்றை நீக்கும் வேலையில் மற்றொன்றும் போயிற்று, அவ்வளவே.

இதன் விளைவை முதலில் கண்ட நாடுகளுள் ஒன்று சுவீடன். 1990களின் தொடக்கத்தில் மிகக் குறைந்த கந்தகம் கொண்ட டீசல் அங்கே விற்பனைக்கு வந்தபோது வண்டிகளின் பம்புகள் பழுதாயின. குப்பி விற்பவர்கள் சொல்லும் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் குப்பி விலைபோகாது.

அதன் பிறகு நடந்தது என்ன? டீசலின் உயவுத்திறனை அளக்கும் சோதனை ஒன்று வகுக்கப்பட்டு உலகத் தரமாயிற்று. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு ஒன்றை, 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்த டீசலில் மூழ்கிய எஃகுத் தட்டின்மேல் வைப்பார்கள். 200 கிராம் பாரம் ஏற்றி, ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னுமாக, நொடிக்கு 50 முறை என்ற வேகத்தில் 75 நிமிடம் தேய்ப்பார்கள். மொத்தம் 2,25,000 முறை. முடிவில் குண்டின்மேல் விழுந்த தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியில் வைத்து அளப்பார்கள். தழும்பு சிறியதானால் உயவு நன்று, பெரியதானால் தீது.

இந்தத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1460 பி.எஸ். 6 டீசலுக்கு விதித்திருக்கும் வரம்பும் அதே 460 மைக்ரான்தான். அரசு எண்ணெய் நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும், இந்த வரம்பைத் தாண்டிய டீசலை விற்க அனுமதி இல்லை. கந்தகத்தை நீக்கும்போது இழந்த உயவை ஈடுசெய்யச் சுத்திகரிப்பு ஆலைகள் உயவு தரும் சேர்மானத்தைத் தாமே கலக்கின்றன. கொழுப்பு அமிலங்களாலோ அவற்றின் எஸ்டர்களாலோ ஆன அந்தச் சேர்மானம், பத்து லட்சம் பங்கில் நூறு, இருநூறு பங்கு என்ற அளவிலேயே தன் வேலையைச் செய்துவிடுகிறது. சுருங்கச் சொன்னால், குப்பியில் அடைத்து விற்கப்படும் மருந்து ஏற்கெனவே டீசலில் இருக்கிறது. அதற்கான விலையையும் லாரி உரிமையாளர் பங்க்கிலேயே கொடுத்துவிட்டார். அதே மருந்துக்கு அவர் இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்.

அப்படியானால் இவ்வளவு அச்சம் எங்கிருந்து வந்தது? அதன் பெரும்பகுதி இறக்குமதிச் சரக்கு. உயவுச் சேர்மானங்களைப் பற்றி இணையத்தில் ஓயாது நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. அங்கே டீசலுக்கான தரம் 520 மைக்ரான் வரை தேய்மானத்தை அனுமதிக்கிறது. இயந்திர உற்பத்தியாளர்களோ 460 வேண்டும் என்று கேட்டார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள 60 மைக்ரான் இடைவெளியில்தான் அங்கே குப்பி வணிகம் கால் ஊன்றி நிற்கிறது. அங்கே ஒருவர் குப்பி வாங்குவது சரியா தவறா என்பது அங்குள்ளோர் தீர்க்க வேண்டிய வழக்கு. இந்தியாவில் அந்த இடைவெளியே இல்லை. அங்குள்ள உற்பத்தியாளர்கள் கேட்டுப் போராடிய எண் இங்கே சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்க பிக்கப் வண்டிக்காரரின் கவலையை மொழிபெயர்த்து இந்தியச் சரக்கு லாரியின்மேல் ஏற்றுகிறவர்கள், வாதத்தை மட்டும் மொழிபெயர்த்தார்கள்; எண்ணை மொழிபெயர்க்க மறந்தார்கள். அல்லது, மறந்ததுபோல் இருக்கிறார்கள்.

அச்சத்தின் மறுபாதி சொல்லிலேயே இருக்கிறது. ‘வறண்ட டீசல்’ என்ற தொடரை உற்றுநோக்கினால் அது எதையும் அளக்கவில்லை என்பது தெரியும். அது ஓர் உருவகம். வறட்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் மனம் தானாகவே ஈரத்தைத் தேடுகிறது; ஈரத்தைக் குப்பி தருகிறது. மாட்டுவண்டி அச்சுக்கு மசகு தடவி, அது வற்றிய நாளில் சக்கரம் கிறீச்சிட்டதைக் கேட்ட தலைமுறைகளின் நினைவு இன்னும் மொழியில் மிச்சமிருக்கிறது. அந்த நினைவின்மீதுதான் இந்தச் சொல் ஏறி அமர்ந்துகொள்கிறது. ‘பசை இல்லை’ என்பதும் அப்படியே. மெக்கானிக் டீசலை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கிறார், நீர்போல் வழுகுகிறது, உயவு இல்லை என்று தீர்ப்பளிக்கிறார். விரல் அறிவது பாகுத்தன்மையை, அதாவது திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை. உயவுத்திறன் என்பதோ உலோகத்தின்மேல் மூலக்கூறுகள் அமைக்கும் படலம். கெட்டியான திரவம் மோசமாக உயவு தரலாம். நீர்த்த திரவம் நன்றாகவே தரலாம். பத்து லட்சத்தில் இருநூறு பங்குள்ள சேர்மானத்தை எந்த விரலும் உணராது. இரு வேறு பண்புகளுக்குப் பேச்சுவழக்கு ஒரே சொல்லை ஆள்வதால் ஏற்பட்ட குழப்பம் இது. இந்தக் குழப்பத்துக்கு மெக்கானிக்கைக் குறைசொல்வது நியாயமன்று. குழப்பத்தை அறிந்தே அதில் விளைச்சல் காண்பவர்கள்தாம் பொறுப்பேற்க வேண்டும்.

இனி, எதிர்வாதங்கள். அவற்றுள் வலுவானவை மூன்று.

முதலாவது, “ஊற்றிப் பார்த்தேன், மைலேஜ் கூடியது” என்பது. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரியை எடுத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு 2,000 லிட்டர் டீசல். அதில் 2 விழுக்காடு மிச்சம் என்றால் 40 லிட்டர். ஆனால் ஏற்றிய பாரம், எதிர்க்காற்று, டயரின் காற்றழுத்தம், மலைப்பாதை, சுங்கச்சாவடியில் காத்திருந்த நேரம், ஓட்டுநரின் கால் என எத்தனையோ காரணங்களால் மாதத்துக்கு மாதம் மைலேஜ் இதைவிட அதிகமாகவே ஏறி இறங்குகிறது. அத்துடன், யாரும் நன்றாக ஓடும் மாதத்தில் குப்பி வாங்குவதில்லை. மைலேஜ் சரிந்த மாதத்தில்தான் வாங்குகிறார்கள். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் சற்று நன்றாகவே இருக்கும். குப்பி இல்லாமலும் அப்படித்தான் இருந்திருக்கும். குப்பி ஊற்றிய அன்றே டீசல் ஃபில்டரும் மாற்றப்பட்டிருந்தால், புகழ் யாருக்குச் சேர வேண்டும் என்பதை யார் அறிவார்? ஒரே பாரம், ஒரே சாலை, ஒரே ஓட்டுநர் என்று வைத்து, குப்பி ஊற்றியும் ஊற்றாமலும் மாறி மாறிப் பல நடைகள் ஓட்டிக் கணக்கெடுக்காதவரை, ‘கூடியது’ என்பது நம்பிக்கையே தவிர அளவீடு அன்று.

செலவின் கணக்கோ திட்டமாகத் தெரியக்கூடியது. லிட்டருக்கு ஐம்பது காசு என்று மிகக் குறைவாக வைத்துக்கொண்டாலும், அந்த லாரிக்கு மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஐந்து லாரி வைத்திருப்பவருக்கு 60,000 ரூபாய். இந்நாட்டின் லாரி உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் ஒன்றோ இரண்டோ வண்டிகளை வைத்துக்கொண்டு, தவணைக்கும் டயருக்கும் இடையில் திண்டாடுகிறவர்கள். அவர்களுக்கு இது சிறிய தொகை அன்று.

இரண்டாவது எதிர்வாதம், “ஊற்றினால் என்ன கெட்டுவிடும்? இருந்துவிட்டுப் போகட்டும்” என்பது. கெட்டுவிடக் கூடும். உயவுச் சேர்மானத்தின் பயன் ஓரளவுக்குமேல் வளர்வதில்லை. உலோகப் பரப்பு படலத்தால் நிறைந்த பிறகு மேலும் ஊற்றுவது வீண். ஆனால் மிகுதியான கொழுப்பு அமிலம், டீசலில் கலந்துவிடும் சோடியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து சோப்பாக மாறி, ஃபில்டரை அடைப்பதும் இன்ஜெக்டருக்குள் படிவதும் எரிபொருள் பொறியாளர்கள் நன்கறிந்த சிக்கல். அடைப்பைத் தடுக்க வாங்கிய பொருளே அடைப்பாகும் நிலை இது. குப்பிக்குக் காசில்லாதவர்கள் டீசலில் 2டி ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றும் வழக்கம் இதைவிடக் கேடு. என்ஜின் ஆயிலில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் எரிந்து மறைவதில்லை, சாம்பலாக எஞ்சுகின்றன. பி.எஸ். 6 லாரியின் புகைக்குழாயில் இருக்கும் துகள் வடிகட்டி கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். சாம்பலை எரிக்க அதனால் இயலாது. அந்த வடிகட்டியின் விலையைக் கேட்டறிந்த எவரும் டேங்க்கில் என்ஜின் ஆயிலை ஊற்ற மாட்டார்கள். தயாரிப்பாளர் ஏற்காத சேர்மானத்தை ஊற்றியதால் பழுது நேர்ந்தது என்று வாரன்ட்டி மறுக்கப்படும் வாய்ப்பும் சேர்ந்தே வருகிறது.

மூன்றாவது எதிர்வாதமே உண்மையில் பதில் சொல்லத் தகுந்தது: “தரம் காகிதத்தில் இருக்கிறது, டேங்க்கில் விழுவது வேறு.” ஆலையில் 460 மைக்ரானுக்குள் இருந்த டீசல், டேங்கர் லாரியிலும் பங்க்கின் நிலத்தடித் தொட்டியிலும் கலப்படமாகி வந்தால் என் செய்வது? டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பாகுத்தன்மையும் குறையும், உயவும் குறையும். அந்த டீசல் மெய்யாகவே வறண்டதுதான்.

இந்தக் கேள்வியின் பின்னால் ரத்தம் இருக்கிறது. 2005 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் மஞ்சுநாத் சண்முகம் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. எரிபொருள் கலப்படத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்ததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. கலப்படக்காரர்களுக்கு அவரிடம் இருந்த அச்சம், குப்பி ஊற்றிச் சமாளித்துக்கொள்ளும் வாடிக்கையாளரிடம் ஒருபோதும் இருக்காது. கலப்படத்துக்குக் குப்பியே பதில் என்று கருதும் உரிமையாளர், கெட்ட டீசலுக்கு முழு விலை கொடுத்து, அதைச் சகித்துக்கொள்ள மேலும் ஒரு விலை கொடுக்கிறார். திருடனுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் யார்? குப்பியோ மண்ணெண்ணெயை டீசலாக மாற்றாது. தண்ணீரையும் தூசியையும் வெளியேற்றாது. பம்பைக் கொல்வதில் தண்ணீருக்கும் தூசிக்கும் உள்ள பங்கு, உயவுக் குறைவைவிடக் குறைந்ததன்று.

இங்கே லாரி உரிமையாளர்களையும் விட்டுவிட முடியாது. 2021இல் குஜராத்தில் ‘பயோடீசல்’ என்ற பெயரில் சட்டவிரோதமாக விற்கப்பட்ட எரிபொருளுக்கு எதிராக அம்மாநில அரசு பெரும் நடவடிக்கை எடுக்க நேர்ந்தது. அந்தச் சரக்கை வாங்கியவர்கள் யார்? லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று வண்டியை வரிசையில் நிறுத்தியவர்கள்தாம். முறையான பயோடீசல் வேறு. அதைச் சிறிதளவு கலந்தாலே டீசலின் உயவு நன்கு உயரும் என்பது உண்மை. ஐ.எஸ். 1460 தரமே 7 விழுக்காடு வரை அதைக் கலக்க இடமளிக்கிறது. ஆனால் பெயர் பலகையில் பயோடீசலும் பீப்பாயில் ஏதோவோர் ஆலை எண்ணெயுமாக இருந்தால், அதை நிரப்பிக்கொண்டு, பிறகு பம்பைக் காக்கக் குப்பி தேடுவது எவ்வகை அறிவு? ஒரு கையால் நஞ்சை மலிவாக வாங்கி, மறு கையால் மருந்தை விலையேற்றி வாங்குவதுதான் இது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. லடாக் போன்ற உறைகுளிர்ப் பகுதிகளில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஓட்டம் நின்றுவிடுவதால், ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலப்பது உண்டு. அங்கே உயவு குறைவது கற்பனை அன்று. ஆனால் அதற்கும் சரியான விடை வேறாக இருக்கிறது. 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனம் பூஜ்யத்துக்குக் கீழே 33 பாகையிலும் ஓடக்கூடிய குளிர்கால டீசலை லடாக்குக்கென அறிமுகம் செய்தது. மண்ணெண்ணெயும் அதைச் சரிக்கட்டக் குப்பியும் வேண்டாம். குளிருக்கென்றே ஆன டீசல் போதும்.

அப்படியானால் பம்பைக் காக்க உரிமையாளர் செய்யக்கூடியது என்ன? அது விளம்பரத்துக்கு உதவாத அளவுக்கு எளியது. டீசல் ஃபில்டரோடு இருக்கும் நீர் பிரிப்பானைக் காலம் தவறாமல் திறந்து வடிப்பது. சொன்ன கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றுவது. மாற்றும்போது மலிவான போலியைத் தவிர்ப்பது. டேங்க் மூடியைச் சரியாக மூடுவது. ஒரே சில பங்க்குகளில் நிரப்பி, ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி வைப்பது. ஆட்ப்ளூ என்ற திரவத்தையும் டீசல் சேர்மானத்தையும் குழப்பிக்கொள்ளாதிருப்பது: அதற்குத் தனித் தொட்டி உண்டு, அது ஒருபோதும் டீசலில் சேரக் கூடாது.

ஐயம் எழுந்தால் அடர்த்தியைக் கேட்கலாம். ஒவ்வொரு பங்க்கிலும் அடர்த்திமானியும் வெப்பமானியும் இருக்க வேண்டும். வந்திறங்கிய டீசலின் அடர்த்தி குறித்து வைக்கப்பட வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் சோதித்துக் காட்ட வேண்டும். 15 பாகை வெப்பத்துக்குத் திருத்திய அடர்த்தி, குறித்த அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோகிராமுக்குமேல் மாறினால் அது ஐயத்துக்குரியது. இந்தச் சோதனை உயவை அளக்காது. எல்லாக் கலப்படத்தையும் பிடித்துவிடவும் செய்யாது. ஆனால் கேள்வி கேட்கும் வாடிக்கையாளர் இருக்கிறார் என்பதைப் பங்க்குக்கு அது தெரிவிக்கும். சோதனைக்குச் செலவும் இல்லை. 2005ஆம் ஆண்டின் டீசல் ஒழுங்குமுறை ஆணை, கலப்படத்தை அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் குற்றமாக்கியிருக்கிறது. மாதிரி எடுக்கச் சொல்லிப் புகார் அளிக்க ஒரு தனி உரிமையாளருக்குத் தயக்கம் இருக்கலாம். ஊருக்கு ஊர் இருக்கும் லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு அந்தத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

சங்கங்கள் செய்ய வேண்டிய வேலையே இங்கு மிச்சமிருக்கிறது. வாடகை உயர்வுக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் எழுப்பும் குரலை டீசலின் தரத்துக்காகவும் எழுப்பலாம். ஆலையில் மட்டும் அன்றி, பங்க்கின் குழாயில் வரும் டீசலின் உயவு அளவும் அவ்வப்போது சோதிக்கப்பட்டு, முடிவுகள் வெளியிடப்பட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களிடம் கேட்கலாம். 460 மைக்ரான் என்பது லாரி உரிமையாளருக்குச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் உரிமை. அதைக் குப்பியில் அடைத்து அவருக்கே திரும்ப விற்க எவருக்கும் இடம் கொடுக்க வேண்டியதில்லை.